தையில் எண்ணுகிறோம், பறவைகள் ஐப்பசியில் கடந்துவிடுகின்றன

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2025 ஜூன் மாதம் அறிவித்தது. இராமேசுவரம் தீவின் பறவைகளில் அக்கறை உள்ள எல்லோருக்கும் அது நல்ல செய்தி. ஆனால் இந்தத் தீவின் பறவைகளைப் பற்றி நம் கையில் இருக்கும் கணக்கு பெரும்பாலும் தை, மாசி மாதங்களின் கணக்கு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில்தான் நடக்கிறது. 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் பெயருக்கேற்ப அதே மாதத்தில்தான். அக்டோபரில் வலசைப் பறவைகள் நாள் ஒன்று உண்டு. அது ஒரே நாள். ஆவணி தொடங்கி ஐப்பசி முடிய இந்தத் தீவைக் கடந்து போகும் பறவைகளை வாரந்தோறும் ஒரே இடத்தில் நின்று எண்ணுகிறவர்கள் மிகக் குறைவு. அந்த வேலைக்குப் பெரிய குழுவோ பெரிய செலவோ வேண்டாம். பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் பகுதிகளில் இருப்பவர்கள் ஆளுக்கு இரண்டு கிலோமீட்டர் எடுத்துக்கொண்டால் போதும். அதை எப்படிச் செய்வது என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதம்.

தை மாதக் கணக்கில் என்ன விடுபடுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கரைப்பறவைகளில், அதாவது உப்புக்கொத்தி, உள்ளான் போலக் கரைச் சேற்றில் இரை தேடுபவற்றில், முதலில் வந்து சேர்வது வளர்ந்த பறவைகள். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்டுக்குள் வருகின்றன. மணல் உப்புக்கொத்திகளின் மார்பில் செங்கல் நிறம் மிச்சமிருக்கும். வளைமூக்கு உள்ளான்களின் வயிற்றில் சிவப்புத் திட்டுகள் தெரியும். வந்ததும் சிறகு உதிர்க்கத் தொடங்குகின்றன. செப்டம்பரில் அவை பறக்கும்போது இறக்கையின் நடுவே பல் விழுந்தது போல இடைவெளி தெரிவது அதனால்தான். அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் ஆகஸ்டு கடைசி முதல் அக்டோபர் வரை தனியே வருகின்றன. அவற்றின் முதுகிறகுகள் ஒவ்வொன்றுக்கும் வெளிறிய விளிம்பு இருக்கும், மீன் செதில் அடுக்கியது மாதிரி ஒழுங்காக. ஒரு கூட்டத்தில் இளையவை எத்தனை, வளர்ந்தவை எத்தனை என்று பிரித்து எண்ணினால், அந்த ஆண்டு வடக்கே குஞ்சு பொரிப்பு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு அடையாளம் கிடைக்கும். ஜனவரிக்குள் இளையவை அந்த இறகுகளை மாற்றிக்கொண்டுவிடும். பிறகு தொலைநோக்கியில் பார்த்துப் பிரிப்பது மிகக் கடினம்.

தண்ணீரும் மாறிவிடுகிறது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம் கரையில் கடல்மட்டம் தாழ்ந்திருக்கும். கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள ஏரியில் சேறு நிறையத் தெரியும். வாடை வந்து மழையும் இறங்கிய பிறகு கடல்மட்டம் உயர்ந்து ஏரி நிறைந்துவிடுகிறது. அந்த நீர் பூநாரைக்கு ஏற்றது. கொசு உள்ளானின் கால் நீளத்துக்கு அது ஆழம். ஆக, தையில் நாம் எண்ணுவது வேறொரு ஏரியை. சரணாலயத்துக்கு நிர்வாகத் திட்டம் எழுதும்போது தை மாத எண்களை மட்டும் வைத்து எழுதினால், எந்த மாதத்தில் எந்தச் சேற்றைக் காக்க வேண்டும் என்பது அதில் வராமல் போகும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசைப்பட வேண்டாம். பாம்பன் பாலம் முதல் தீவின் கிழக்குக் கோடியான அரிச்சல்முனை வரை ஒரே காலையில் ஓடிப் பார்த்தால் பட்டியல் நீளும், கணக்கு வராது. நடந்து போய்த் திரும்பக்கூடிய இரண்டு கிலோமீட்டர், அதில் குறைந்தது இரண்டு வகை நிலம் இருக்கட்டும். ஏரிக்கரையும் உடைமரத் தோப்பும் சேர்ந்த ஒரு துண்டு மிக நல்லது. கெந்தமாதன பர்வதத்தின் அடிவாரப் புதர்கள், குந்துகால் கரை, ஓலைக்குடா பக்கத்துப் பனங்காடு என்று ஊருக்கு அருகிலேயே இடங்கள் உண்டு. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. தெரிந்தவர் வள்ளத்தில் கூட்டிப்போகிறேன் என்றாலும் மறுத்துவிடுங்கள்.

இடத்தில் நிற்கும் புள்ளிகள் ஐந்தை முடிவு செய்து, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் நிற்க வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே வரிசையில், ஒரே நேரத்தில் தொடங்கி. ஒன்றும் இல்லாத புள்ளிக்கும் பத்து நிமிடம் கொடுத்துச் சுழியம் எழுத வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ‘இன்று ஒன்றுமில்லை’ என்று குறிக்காமல் விட்ட வாரங்கள், பிறகு பார்க்கும்போது போகாத வாரங்களாகவே தெரியும். பழுப்புக் கீச்சான் இந்த ஆண்டு எந்த வாரம் வந்தது என்பதைச் சொல்ல, அது இல்லாத முந்தைய வாரத்தின் சுழியம் இருந்தாக வேண்டும்.

நீர்மட்டத்துக்கு ஒரு குச்சி ஊன்றுங்கள். ஏரிக்கரையில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு என்று வண்ணம் பூசிய ஒரு சவுக்குக் கம்பு போதும். சரணாலய எல்லைக்குள் என்றால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு ஊன்றுவது முறை. அல்லது அங்கே ஏற்கெனவே உள்ள மதகோ பாலத்தூணோ உதவும். இங்கே ஏற்ற வற்றம் சிறியது, ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் வேறு ஊர் அட்டவணையை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற வற்றம் கூடும் என்பது உண்மை. ஆனால் ஏரியில் தண்ணீரை ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் காற்று. ஆகவே குறிப்பேட்டில் தேதிக்கு அடுத்து எழுத வேண்டியது காற்று: கச்சானா, வாடையா, கிழக்கிலிருந்து வரும் கொண்டலா, இலை அசையும் அளவா, மணல் பறக்கும் அளவா என்று.

காற்றுதான் அன்றைய காலையில் எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் சொல்கிறது. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், கிழக்கு-தென்கிழக்கில். இலையுதிர்கால வலசையில் நம் தீவு நிலத்தின் கடைசி விளிம்பு. மெல்லிய வாடை அடிக்கும் தெளிந்த காலையில் புதர்களில் நேரம் செலவிடாதீர்கள்; வானத்தைப் பாருங்கள். தகைவிலான்களும் நீலவால் பஞ்சுருட்டான்களும் வெயில் ஏறத் தொடங்கியதும் முனையைத் தாண்டிக் கடலுக்குள் போகும். பஞ்சுருட்டான் கூட்டங்கள் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வருவதும் உண்டு. அதனால் போனவை, வந்தவை என்று இரண்டு கட்டம் போட்டு எண்ணுங்கள், கடைசியில் கழித்துக்கொள்ளலாம். இப்படிச் செய்யாமல் எழுதிய பெரிய எண்களை நம்ப முடியாது.

முந்தின இரவு மழை பெய்து, காலையில் கொண்டல் எதிரே அடித்தால் நிலைமை தலைகீழ். இரவில் பறந்து வந்தவை மேலே போக முடியாமல் கண்ணில் பட்ட முதல் மரத்தில் இறங்கிவிடும். அந்த நாள்களில் உடைமரத் தோப்புக்கு விடியும் முன்பே போக வேண்டும். அக்டோபரில் ஆறு மணியை ஒட்டி விடிகிறது. ஐந்தரைக்கு அங்கே இருங்கள். ஆறுமணிக்குருவி, கொடிக்கால் வாலாட்டி, அரசவால் ஈப்பிடிப்பான், மாங்குயில், நாணல் கதிர்க்குருவி ஆகியவை முதல் ஒரு மணி நேரம் இரை தேடி அசையும், குரல் கொடுக்கும். எட்டு மணிக்கு மேல் அதே தோப்பு வெறுமையாகத் தோன்றும். பறவை போய்விட்டது என்று பொருளில்லை, அடங்கிவிட்டது. புதருக்குள் நுழைந்து கலைக்காமல், தோப்பின் ஓரத்தில் சூரியனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் அதுவே நம் பக்கம் வரும். கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது இந்த மாதங்களில் கூடவே கூடாது. வந்திறங்கும் பறவையின் நெஞ்சுத் தசை மெலிந்திருக்கும். அது இரை தேட வேண்டிய நேரத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம்.

கரைப்பறவைகளுக்கு 8×42 பைனாகுலர் போதும் என்று சொல்லமாட்டேன். பெரிய கூட்டத்தில் இனம் பிரிக்கத் தொலைநோக்கி வேண்டும். 20 முதல் 60 வரை பெருக்கும் தொலைநோக்கி இருந்தாலும் 30க்கு மேல் இங்கே பயன் குறைவு. ஒன்பது மணிக்குப் பிறகு சூடான மணலின் மேல் காற்று நடுங்கும். பெருக்கம் கூடக் கூட நடுக்கமும் பெருகும். முக்காலியை முழு உயரத்துக்கு விரித்தால் கச்சானில் ஆடிக்கொண்டே இருக்கும். கால்களைச் சுருக்கி, தரையில் உட்கார்ந்து, வண்டியின் காற்று மறைவில் வைத்துப் பாருங்கள். வண்டிக்குள்ளிருந்தே பார்ப்பது இன்னும் நல்லது, பறவைகள் வண்டிக்குப் பயப்படுவது குறைவு. முனையை நோக்கிப் போகும்போது காலை வெயில் முகத்தில் அடிக்கும். முதலில் கடைசிவரை போய்விட்டு, திரும்பி வரும் வழியில் எண்ணினால் வெளிச்சம் நமக்குப் பின்னால் இருக்கும். கோதண்டராமர் கோயில் ஏரியை நெடுஞ்சாலையில் நின்று வடக்கே பார்ப்பது எந்த நேரத்திலும் தொல்லை இல்லை. வீடு திரும்பியதும் ஈரத் துணியால் உப்பைத் துடைத்த பிறகே லென்ஸைத் தொடுங்கள். காய்ந்த மணலோடு தேய்த்தால் பூச்சு போய்விடும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, அடையாள அட்டை. எல்லைப் பகுதி என்பதால் தொலைநோக்கி வைத்திருப்பவரைக் காவலர்கள் கேட்பார்கள். கேட்பது அவர்கள் கடமை. கூட்டத்தைக் காட்டினால் அவர்களும் பார்ப்பார்கள். சோதனைச் சாவடியின் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

இனம் பிரிப்பதில் மிகுந்த குழப்பம் உப்புக்கொத்திகளில். சிறு மணல் உப்புக்கொத்தியை 2023 முதல் திபெத் இனம், சைபீரிய இனம் என்று இரண்டாகப் பட்டியலிடுகிறார்கள்; நம் கரைக்கு வருபவை பெரும்பாலும் திபெத் இனமே. பெரிய மணல் உப்புக்கொத்தியை உடல் அளவை வைத்துப் பிரிக்க முயலாதீர்கள், தனியாக நிற்கும்போது அளவு ஏமாற்றும். அலகைப் பாருங்கள். அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையுள்ள தூரத்தைவிட அலகு தெளிவாக நீளமாக இருந்தால் பெரியது. சமமாகவோ குறைவாகவோ இருந்தால் சிறியது. பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று இந்தத் தீவுக்கே உரியது. கெண்டிஷ் உப்புக்கொத்தி என்று நெடுங்காலம் எழுதப்பட்டுவந்த, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுவதும் தங்கிக் குஞ்சு பொரிக்கும் சிறிய உப்புக்கொத்தியை 2023இல் தனி இனம் என்று நிறுவினார்கள். ஆதாம் பாலம் எனப்படும் இராமர் சேதுப் பகுதியில் வாழ்வதால் அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். செப்டம்பருக்குப் பின் வடக்கிலிருந்து கெண்டிஷ் உப்புக்கொத்திகளும் வந்து கலக்கின்றன. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் உள்ளூர்ப் பறவையின் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்பதே தெரியாமல் போகும். அனுமன் உப்புக்கொத்தியின் ஆணுக்கு அலகுக்கும் கண்ணுக்கும் இடையிலான கறுப்புக் கோடு இருக்காது, உச்சந்தலையின் செம்மையும் மங்கலாக இருக்கும். பெண்ணையும் இளையதையும் களத்தில் உறுதியாகப் பிரிக்க முடியாவிட்டால் ‘அனுமன் அல்லது கெண்டிஷ்’ என்றே எழுதிவையுங்கள். ஜூலை, ஆகஸ்டில் எண்ணியதே உள்ளூர்ப் பறவையின் சுத்தமான கணக்கு. ஆவணிக்கு முன்பே தொடங்கச் சொல்வதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

ஜூலையில் இன்னொரு பொறி இருக்கிறது. முந்தைய ஆண்டு வந்த இளைய கரைப்பறவைகள் பல வடக்கே போகாமல் கோடை முழுவதும் இங்கேயே தங்கிவிடுகின்றன. மங்கிய சாம்பல் நிறத்தில் நிற்கும் அவற்றைப் புதிதாக வந்தவை என்று எழுதிவிடக் கூடாது. சிவப்பு மிச்சமுள்ள பறவைதான் புது வரவு.

ஆலாக்களைப் பற்றிச் சுருக்கமாக. மணல்திட்டில் எல்லாம் காற்றை நோக்கி ஒரே திசையில் நிற்கும். காற்றுக்குக் குறுக்கே நின்று பார்த்தால் அலகுகள் வரிசையாகத் தெரியும். ஆரஞ்சு அலகு சிறு கொண்டை ஆலா, பச்சை கலந்த மஞ்சள் அலகு பெரிய கொண்டை ஆலா, கறுப்பு அலகின் நுனியில் மட்டும் மஞ்சள் என்றால் சாண்ட்விச் ஆலா. பழுப்புத்தலைக் கடற்காக்கைகள் பெரும்பாலும் அக்டோபரிலிருந்துதான். செப்டம்பரில் கடற்காக்கை நின்றால் படம் எடுத்து, விரிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். நண்டுதின்னிக் கூட்டத்தில் சாம்பல் முதுகுள்ள இளையது தாயின் பின்னால் விடாமல் சீழ்க்கையடித்து இரை கேட்பதைக் காணலாம். இத்தனை தூரம் வலசை வந்த பிறகும் பெற்ற பறவையே ஊட்டும் கரைப்பறவை வேறு அரிது. அவற்றையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

எண்ணும் முறை எளிது. பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, இடமிருந்து வலமாக நகர வேண்டும். ஓரங்களில் பறவைகள் கலைந்தும் நடுவில் நெருங்கியும் நிற்கும். ஓரத்து அளவை நடுவுக்கும் போட்டால் கணக்கு பாதியாகிவிடும். வல்லூறு பாய்ந்து கூட்டம் எழும்பினால் எண்ணியதை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். காலில் ஆய்வாளர்கள் மாட்டிய நிறக்கொடி தெரிந்தால் எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, நிறம், எழுத்து எல்லாம் எழுதி, மங்கலாக இருந்தாலும் ஒரு படம் எடுத்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். மண்டபம், அதைச் சுற்றிய தீவுகளின் கரைப்பறவைகளை 1980களில் ஆராய்ந்த எஸ். பாலச்சந்திரன் அந்தக் கழகத்தைச் சேர்ந்தவர். அன்றைய நிலையோடு ஒப்பிட இன்றைய தொடர் கணக்கு வேண்டும்.

பட்டியலை, பறவைப் பதிவுகளுக்கான இணையத்தளமான இ-பேர்டில் ஏற்றுவது நல்லது. ஒவ்வொரு முறையும் அதே இடப்புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். ஒருநாள் பொது இடப்புள்ளி, மறுநாள் சொந்தப் புள்ளி என்று மாற்றினால் உங்கள் இரண்டு கிலோமீட்டரின் வரலாறு சிதறிவிடும். பார்த்த, கேட்ட எல்லா இனங்களையும் எழுதி ‘முழுப் பட்டியல்’ என்று குறியுங்கள். எண்ணாத இனத்துக்கு எண்ணுக்குப் பதில் குறி மட்டும் போடும் வசதி இருக்கிறது. கரைப்பறவைகளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். தோராய எண்ணும் வெறும் குறியைவிடப் பலமடங்கு மேல்.

ஐப்பசி மழையில் ஆறுமணிக்குருவி வீட்டுக்குள்ளும் விடுதி வராந்தாவிலும் வந்து விழுவது நம் ஊரில் பலருக்கும் தெரிந்ததே. மேகம் மூடிய இரவில் பலமான விளக்குகள் வலசைப் பறவைகளைத் திசைதிருப்பி இழுக்கின்றன. கண்ணாடிச் சன்னல்களில் மோதுகின்றன. விழுந்த பறவையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், பழந்துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம், கையில் வைத்துப் படமெடுக்கவும் வேண்டாம். தெம்பு வந்தால் அருகிலுள்ள புதர் நிழலில் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டு விலகிவிடுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். விடுதி நடத்துபவர்கள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மொட்டைமாடியின் மேல்நோக்கிய விளக்குகளை நள்ளிரவுக்குப் பின் அணைத்தாலே மோதல் குறையும்.

ஏரிச் சேற்றிலும் மணல்திட்டிலும் வண்டி ஏற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017இல் அரிச்சல்முனைவரை சாலை வந்துவிட்டது. மணலில் ஓட்டுவதற்குத் தேவையே இல்லை. ஓய்வில் நிற்கும் கூட்டத்தை ஒருமுறை எழுப்பினால் அது மறுபடி இறங்கி அமைதியாக வெகுநேரமாகும். படத்துக்காக அருகே போகிறவர்கள் நூறு மீட்டரில் நின்றுவிட வேண்டும். தலையை உயர்த்தி எல்லாம் ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினால் அதற்குள்ளேயே மிக நெருங்கிவிட்டோம் என்று பொருள். மீன்கழிவை ஏரிக்கரையில் கொட்டுவதால் நாய்களும் காகங்களும் பெருகுகின்றன. நாய்கள் ஆண்டு முழுவதும் உப்புக்கொத்தியின் கூட்டத்தைக் கலைக்கின்றன, குஞ்சையும் விடுவதில்லை. கழிவுக்குத் தொட்டி வைத்து தினமும் எடுப்பது நகராட்சியால் முடியக்கூடிய வேலை.

ஆதாம் பாலத்துக்கு அப்பால் இலங்கையின் மன்னார் தீவிலும் இதே பறவைகள்தான் இறங்குகின்றன. அந்தத் தீவுக்கு எதிரே பெருநிலக் கரையில் உள்ள வங்காலை 2010 முதல் ராம்சார் இடம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட ஈரநிலம். மன்னார் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 காற்றாலைகள் நிற்கின்றன. எந்த வாரம், எந்தக் காற்றில், எத்தனை பறவைகள் இங்கிருந்து கடல் தாண்டிப் புறப்பட்டன என்ற கணக்கு அங்குள்ளவர்களுக்கும் உதவும்.

வனத்துறைக்கு ஒரு கோரிக்கை. ஆகஸ்டு முதல் நவம்பர் வரை மாதம் இருமுறை, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, சரணாலயத்தில் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். ஐந்து புள்ளிகளையும் நீர்மட்டக் கம்பத்தையும் நிரந்தரமாக நட்டு, எண்களைக் கோதண்டராமர் கோயில் திருப்பத்தில் பலகையில் எழுதிவைக்க வேண்டும். நாளிதழுக்கும் ஒன்று கேட்கிறேன். செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து தீவு வாசகர்கள் அனுப்பும் முதல் வரவுத் தேதிகளை, இடத்தோடும் காற்றோடும் சேர்த்து, வாரம் நான்கு வரி வெளியிட முடியுமா? பழுப்புக் கீச்சான், நீலவால் பஞ்சுருட்டான், ஆறுமணிக்குருவி, கொடிக்கால் வாலாட்டி ஆகிய நான்கிலிருந்து தொடங்கலாம். நான்கும் பைனாகுலர் இல்லாமலே அடையாளம் தெரிபவை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாம்பன்